சத்தம் வராத கட்டை

செத்துப்போன புருஷன் பெண்டாட்டியின் குரலையும் கூடவே கொண்டுபோவான் என்று எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? இராஜபாளையத்தில் அந்த வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதிலும் தேவகிருபை பாடுவதைப் பதினைந்து வருடம் ஓசியில் கேட்ட வாய் இது. தனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று அதற்கு நினைப்பு.

எலியேசர் போனது தொண்ணூற்றைந்து புரட்டாசியில். ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீசியன். பகல் ஷிஃப்ட் முடிந்து, சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்த மனிதர் நிமிரவில்லை. திருவிழாக் காலங்களில் அவர் சோலைராஜின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பார், அவர் மனைவி தேவகிருபை பாடுவாள். மற்ற நாட்களில் அவள் பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி மடித்துப் பொட்டலம் போடுகிறவள். இந்த ஊரில் நெய்கிற துணியில் ஒரு பங்கு உடுத்துவதற்கே போவதில்லை, காயத்துக்குக் கட்டத்தான் போகிறது.

பெருமைப்பட்டுக்கொள்ள அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. நிறம் இல்லை, உயரம் இல்லை, கழுத்தில் கிடந்தது கவரிங். ஆனால் சுருதி என்று வந்துவிட்டால் இம்மி பிசகாது. "இவ குரல வச்சுத்தான் நான் கீபோர்டையே சரிபாக்கேன்" என்று எலியேசர் மேடைக்கு மேடை மைக்கில் சொல்லுவார். கூட்டம் சிரிக்கும். அவள் தலையைக் குனிந்துகொள்வாள், உள்ளுக்குள் ஒரு வார்த்தை விடாமல் நம்புவாள்.

அவர் போன பிறகு அவள் ஏறிய முதல் மேடை, தை மாதம் மம்சாபுரத்தில். முதல் பாட்டின் இரண்டாவது வரியில் அது நடந்தது. யாரோ பின்னால் நின்று, தோளில் கை வைத்து, ஒரு படி கீழே இறக்கியது போல இருந்தது. கீபோர்டு மேலே நிற்கிறது, குரல் கீழே கிடக்கிறது. ஏறப் பார்த்தாள். தொண்டை ஏற மறுத்தது. தபேலாக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்காதது போல மறுபடியும் குனிந்துகொண்டார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

துக்கத்துக்கும் ஊர் ஒரு அளவு வைத்திருக்கிறது. மூன்று மேடை வரைக்கும் "பாவம்" என்றார்கள். நான்காவது மேடையில் அவள் பாட ஆரம்பித்ததும் கடலை வாங்கப் போனார்கள்.

ஆனி மாதக் கடைசியில் சோலைராஜ் வீட்டுக்கு வந்தார். எலியேசரின் பால்ய சிநேகிதர். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"மதினி, ஆடிப்பூரத்துக்கு சீவில்லிபுத்தூர்ல மேடை. பெரிய கூட்டம். உங்களுக்குத் தெரியாதது இல்ல."

"சொல்லுங்க."

"மதுரையில ஒரு பிள்ளை இருக்கு. கூட வரச் சொல்லியிருக்கேன். நீங்க மொதப் பாட்டு பாடுங்க. நல்லா அமைஞ்சா நீங்கதான் எப்பவும். அமையலன்னா..." காபி ஆறியே போய்விட்டது. "எனக்குச் சொல்ல வாய் வரல மதினி."

வாய் வரவில்லை என்று அவர் அழகாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மேடை போனால் மிஞ்சுவது பேண்டேஜ் கம்பெனியும் இந்த ஓட்டு வீடும்தான். அவளைத் தேவகிருபை என்று நாலு பேர் அறிவது அந்தக் குரலால்தான்.

கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிற வெள்ளைத்தாய்க்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு.

"அவரு உன்னக் கூப்பிடுதாரு ஏட்டி. அதான் கீழ கீழன்னு இழுக்கு. எங்க ஊர்க் கோடாங்கிகிட்ட ஒரு நட வா. உடுக்க எடுத்தாருன்னா யாரு எவருன்னு சொல்லிருவாரு."

"போ அக்கா. நாங்க ஜெபம் பண்ணுதவங்க."

"நீ பண்ணு. அவரு கேக்கணும்லா?"

தேவகிருபை சிரித்து மழுப்பினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சிரிப்பு நின்றது. அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தாள். இரண்டாம் வரியில் அந்தக் கை வந்தது, ஒரு படி இறக்கியது. உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பயம் மட்டும் இல்லை. கை அவருடையதுதான் என்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றும் இருந்தது. இரண்டு பேருக்கு உலை வைத்த வீட்டில் பத்து மாதமாக ஒருத்தி மட்டும் சாப்பிட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அப்போதுதான் பீரோவின் மேல் அவருடைய சால்வையில் சுற்றிவைத்திருந்த பெட்டி கண்ணில் பட்டது.

எக்கோ பெட்டி என்றுதான் குழுவில் அதற்குப் பெயர். எண்பத்தெட்டில் மெட்ராஸில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் எலியேசர் பழசாக வாங்கியது. தட்டையான கறுப்புப் பெட்டி, முகத்தில் சில பொத்தான்கள், பச்சை எழுத்து ஓடும் சின்னக் கண்ணாடி. பாடுகிறவரின் மைக் அதற்குள் போய் வெளியே வந்தால், பொட்டல் திடலில் பாடினாலும் பெரிய மண்டபத்தில் பாடியது போலக் கேட்கும். அவள் அறிந்தது அவ்வளவுதான். அவர் போன பின் அதைத் தொட ஆள் இல்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவருகிற சாதாரண எக்கோவை வைத்தே குழு ஓட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் ஹுமாயூனை வரச் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் டிவி, ரேடியோ பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன். முப்பது வயது இருக்கும். எலியேசர் இடத்தில், எலியேசரின் கீபோர்டிலேயே இப்போது வாசிப்பவன் அவன்தான். மத்தியானம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினான். முன்னறையில் கீபோர்டு, பெட்டி, ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக் எல்லாவற்றையும் மாட்டினான். கடைசியாக, ஐந்து ஊசி வைத்த ஒரு வயரைக் கீபோர்டின் முதுகிலிருந்து பெட்டியின் முதுகுக்குக் கொடுத்தான்.

"இது என்ன தம்பி?"

"மிடி ஒயர்க்கா. இது வழியா சத்தம் போகாது, சேதிதான் போகும். கீபோர்டு ஒரு நம்பரச் சொல்லும். பெட்டி அந்த நம்பர்ல சேத்து வச்சிருக்க செட்டிங்க எடுத்துக்கும்."

பெட்டி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கீபோர்டு இரண்டாவது சேனலில் பேசியது, இவன் பெட்டியை ஒன்றாவதில் கேட்க வைத்திருந்தான். அதைத் திருத்தினால், கேட்ட நம்பருக்கு ஒன்று குறைவாக வந்து நின்றது. செத்த நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு அவனே சிரித்தான். கீபோர்டு ஒன்றிலிருந்து எண்ணுகிறது, பெட்டி சைபரிலிருந்து எண்ணுகிறது. எலியேசருக்கு அது பழகிய கோணல். ஹுமாயூன் ஒன்று கூட்டி அழுத்தினான். பச்சைக் கண்ணாடியில் ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். சீவி 95.

"இது யாரு வச்ச பேரு?"

"அண்ணன்தான். கம்பெனிக்காரன் வச்சுத் தர்ற செட்டிங் ஐம்பதோட முடிஞ்சிருது. இது அவிய சொந்தமாப் பண்ணி உள்ள வச்சது."

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூர மேடைக்காக அவர் விரல் தட்டிய எழுத்து. ஆள் போய்ப் பத்து மாதம் ஆகியும் எழுத்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

பாடினாள். ஸ்பீக்கரில் மண்டபம் வந்தது, குரல் பெரிதாகக் கேட்டது. இரண்டாம் வரியில் அந்தக் கையும் வந்தது. குரல் இறங்கியது. பெட்டியாலும் ஆகவில்லை. அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் ஹுமாயூன் வயரைச் சரிபண்ணுகிற சாக்கில் குனிந்தான். குனிந்தபோது அவனுடைய இடது முழங்கை கீபோர்டின் இடது ஓரக் கடைசிக் கட்டையில் பட்டது.

குரல் எழுந்தது.

அவள் ஒன்றுமே செய்யவில்லை. அதே மூச்சு, அதே தொண்டை. ஆனால் ஸ்பீக்கரில் குரல் ஒரு படி ஏறி, கீபோர்டோடு போய்ச் சேர்ந்து நின்றது. பழைய தேவகிருபை.

"கைய எடு தம்பி."

எடுத்தான். குரல் விழுந்தது.

"வை."

வைத்தான். எழுந்தது. கட்டையில் சத்தம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அவன் உதடு அல்லாவை அழைத்துக்கொண்டிருந்தது. "இந்தக் கட்ட செத்துப்போச்சுன்னுல்லா நெனச்சேன்," என்றான். "இத்தன நாளும் கழத்திப் பாக்கணும் பாக்கணும்னு விட்டுட்டேன்."

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. எத்தனை மேடை! அவள் பாட எழுந்தால் போதும், எலியேசரின் இடது கைச் சுண்டுவிரல் அந்தக் கடைசிக் கட்டைக்குப் போய்விடும். மற்ற ஒன்பது விரலால் வாசிப்பார். ஒரு தடவை கேட்டதற்கு, "விரலுக்கு ஒரு இருப்பிடம் வேண்டாமா" என்று சிரித்தார். அது ஒரு பழக்கம் என்று இவளும் விட்டுவிட்டாள்.

"அவியதான்," என்றாள் தேவகிருபை. அழுகையும் சிரிப்புமாக வந்தது. "அவிய இங்கதான் இருக்காவ. ஆடிப்பூரத்தன்னைக்கு நீ அந்த விரல மட்டும் எடுத்துராத தம்பி."

ஹுமாயூன் சரி என்றான். ஆனால் போகும்போது அவன் முகம் சரியாக இல்லை.

அடுத்த நாலு நாளும் அவள் நடந்த நடையே வேறு. வெள்ளைத்தாய் கேட்டாள்: "ஏட்டி, கோடாங்கிகிட்ட நீயே தனியாப் போயிட்டு வந்துட்டியா?" இவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவர் விரல் இருக்கிறது என்கிற நினைப்பே போதுமாயிருந்தது. செத்தவரோடு குடித்தனம் நடத்த ஒருத்தி துணிந்துவிட்டால் அதில் உள்ள சுகம் கொஞ்சமில்லை. சமைக்க வேண்டாம், சண்டை இல்லை, கூப்பிட்டால் வருகிறார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹுமாயூன் வந்தான். கையில் ஒரு டேப்ரிக்கார்டர், ஹெட்போன், மஞ்சள் பையில் பழைய கேசட்டுகள்.

"சோலைராஜ் அண்ணன்கிட்ட வாங்குனேன்க்கா. இது எம்பத்தாறு, இது எம்பத்தேழு. பெட்டி வர்றதுக்கு முன்னால உள்ளது. கேளுங்க."

கேட்டாள். இருபத்தெட்டு முப்பது வயதில் அவள் பாடியது. சுருதி இம்மி விலகவில்லை.

"குரல் இப்படி நின்னா எதத் தூக்குறதுக்கு அந்தக் கட்டை? எனக்கு நாலு நாளா ஒறக்கம் இல்ல," என்றான். பெட்டியை முடுக்கி, ஒவ்வொரு நம்பராகக் காட்டினான். எலியேசர் சேர்த்துவைத்த செட்டிங் ஏழு. எல்லாவற்றிலும் மண்டபம் ஒன்றுதான், எக்கோ ஒன்றுதான். சத்தத்தை அடைத்துவிட்டுப் பெட்டிக்குச் சேதி மட்டும் போகும்படி அவர் வைத்திருந்த அந்தக் கடைசிக் கட்டையை அமுக்கினால் குரலை எவ்வளவு தூக்க வேண்டும் என்கிற ஒரு எண் மட்டும் வேறு. அவன் கடைசியிலிருந்து வாசித்தான். சீவி 95, முப்பத்துநாலு. மம்சா 94, முப்பது. அப்படியே இருபத்தாறு, இருபத்தொன்று, பதினேழு, பன்னிரண்டு.

"முப்பத்துநாலு என்ன?"

"சென்ட்."

"நெலத்துக்குச் சொல்லுவாவளே, அதா?"

"அது வேறக்கா. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல உள்ள தூரத்த நூறாப் பங்கு வச்சா ஒரு பங்கு. முப்பத்துநாலுன்னா மூணுல ஒண்ணு. எல்லாருக்கும் கேக்கும்."

அவள் கணக்கு சட்டென்று வேறு இடத்துக்குப் போனது. "அப்போ ஏழு வருசமா எனக்குச் சுருதியே இல்ல. அப்படித்தான? அவிய விரல வச்சுத் தூக்கிவிட்டுக்கிட்டே, எம் முன்னால கீபோர்டையே சரிபாக்கேன்னு சொல்லிக்கிட்டு..." கவரிங் சங்கிலியை எப்போதோ தங்கம் என்று சொல்லி யாரோ போட்டுவிட்டது போல இருந்தது. ஒரே ஒரு பெருமை, அதுவும் இரவல்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இல்லக்கா. இந்த ஹெட்போனப் போடுங்க. ஆஆன்னு ஒரே சுருதியப் பிடிச்சு நில்லுங்க. வேற ஒண்ணும் செய்யவேண்டாம்."

காதில் மாட்டிக்கொண்டு அவன் வாசித்த சுருதியைப் பிடித்து நின்றாள். கட்டையை அமுக்கினானா விட்டானா என்பது தெரியாதபடி அவன் ஒரு துண்டைப் போட்டுக் கையை மறைத்திருந்தான். காதில் அவள் குரல் சில சமயம் கொஞ்சம் ஏறியது, சில சமயம் சரியாக இருந்தது. ஏறினால் திருத்திக்கொண்டாள். பாடுகிறவளுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? இரண்டு நிமிடம் ஆனதும் நிறுத்தச் சொன்னான். பெட்டிக்குள் போகும் முன்பே மைக்கிலிருந்து வந்த குரலை டேப்பில் தனியாகப் பதிந்திருந்தான். அதைப் போட்டுக் காட்டினான்.

டேப்பில் குரல் நேராக நின்றது. பிறகு இறங்கியது. மறுபடி நேராக வந்தது. மறுபடி இறங்கியது.

"நான் அமுக்குன ஒவ்வொரு தரமும் இறங்கியிருக்கீக," என்றான் ஹுமாயூன். "பெட்டி தூக்குது. உங்க காதுக்கு ஏறிக் கேக்கு. நீங்க இறங்குதீக. ஏழு வருசம் இறங்கி இறங்கி, தொண்ட அங்கேயே குடியிருக்கு. இப்ப விரல் இல்ல, ஆனா தொண்ட இன்னும் அதுக்கு எடம் விட்டு நிக்கி."

தேவகிருபை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

"சில நாள் மேடையில எங் குரல் எனக்கே ஏறிக் கேக்கும் தம்பி. நானாக் கீழ வந்துருவேன். அவியகிட்ட சொல்லல."

"ஏன்க்கா?"

"எப்படிச் சொல்ல? ஊரு முழுக்க எஞ் சுருதியப் பெருமை பேசுத மனுசன்கிட்ட?" கண்ணைத் துடைத்தாள். "கம்பெனியில ரெண்டு ஷிஃப்ட் பாத்த அன்னைக்குத் தொண்ட சோந்து போகும். அன்னைக்கு நான் இறங்கியிருப்பேன். அவிய கூடக் கொஞ்சம் தூக்கியிருப்பாவ. மறுநாள் எனக்கு ஏறிக் கேட்டிருக்கும்."

"நீங்க இன்னும் இறங்கியிருப்பீக."

"சோந்த அன்னைக்கு அதுக்கும் கீழ போயிருப்பேன். அவிய இன்னும் தூக்கியிருப்பாவ."

அவ்வளவுதான் கதை. பேயும் இல்லை பிசாசும் இல்லை. இரண்டு பேர், மற்றவர் மனம் நோகக்கூடாது என்று ஏழு வருடம் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் தூக்க ஒருவர் இறங்க, குரல் எங்கே போய்க் கிடக்கிறது பாருங்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட வேண்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

அவள் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய படத்தின் முன் நின்றாள். ஹுமாயூன் இருக்கிறான் என்பதையும் பார்க்கவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? பாவி மனுசா! ஒரு வார்த்த! அம்புட்டு பேசுத வாயில இதுக்கு எடமில்லாமப் போச்சா?" பத்து மாதத்தில் அவரை அவள் திட்டியது அதுதான் முதல் தடவை. திட்டத் திட்டக் குரல் உடைந்தது. படத்தில் அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஹுமாயூன் கொஞ்சம் பொறுத்து, "இன்னும் ஒண்ணு வாசிக்கலக்கா," என்றான். "மொத செட்டிங். ஈஸ்டர் 89. எட்டு சென்ட்."

அவள் திரும்பவே இல்லை.

எண்பத்தொன்பதில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ஏழு மாதம். மாசி மாதம் காய்ச்சலில் போனது. அது போய் நாற்பது நாள் கூட ஆகாத ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில், வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும், எலியேசர் கீபோர்டு வாசிக்க, அவள் எழுந்து பாடினாள். கோயிலே அழுதது. ஒரு இடத்தில்கூடக் குரல் விலகவில்லை. அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லுகிற நேரத்தில் அவள் சபைக்கு முன் நின்று சொன்னாள்: "எனக்குப் பாட பெலன் இல்ல. ஆண்டவரே எந் தொண்டையத் தாங்குனாரு." அந்தச் சாட்சியை ஊரில் இன்னும் சொல்லுவார்கள். எலியேசர் அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆமென் சொன்னாரா என்பது அவளுக்கு நினைவில்லை.

"அந்தச் சாட்சியும் பொய்யாப் போச்சு," என்றாள்.

அவன் கையிலிருந்த வயரைச் சுருட்டினான், பிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ரெண்டு வழி இருக்குக்கா. ஆடிப்பூரத்துக்கு விரல வச்சுக்கிடலாம். ஒரு பயலுக்கும் தெரியாது. நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். இல்லன்னா, அண்ணன் ஏறின படியிலயே ஒண்ணொண்ணா இறங்கணும். முப்பது, இருபத்தாறுன்னு. அவிய தூக்குறது கொறையக் கொறைய உங்க தொண்ட மேல வரும். இருபது நாள் இருக்கு. ஆகலாம், ஆகாமலும் போகலாம்."

விரலை வைத்துக்கொண்டால் மேடையும் இருக்கும், அவரும் இருப்பார். இறங்கினால் இரண்டும் போகலாம். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எஸ்டிடி பூத்துக்குப் போய் அவன் கடைக்குப் போன் போட்டாள். "இறக்கு தம்பி," என்றாள்.

ஒன்று விட்டு ஒரு நாள் சாயங்காலம் அவன் வந்தான். முன்னறையில் ஒரு மணி நேரம். தொண்ணூற்றைந்திலிருந்து தொண்ணூற்றுநாலுக்கு, அங்கிருந்து தொண்ணூற்றுமூன்றுக்கு. ஒவ்வொரு முறை எண் மாறும்போதும் குரல் கீழே கிடக்கும். அவள் எழுப்புவாள். தலை வலிக்கும். இரண்டு நாளில் தொண்டை அந்த இடத்துக்குப் பழகும், அடுத்த எண் வரும். சில சாயங்காலம் "இன்னைக்கு வேண்டாம் தம்பி" என்று கெஞ்சியிருக்கிறாள். வலியால் மட்டும் இல்லை. தோளில் இருந்த கை ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கனம் குறைந்துகொண்டே வந்தது. அதை அவள் ஹுமாயூனிடம் சொல்லவில்லை.

ஈஸ்டர் 89-க்கு வந்ததும் நின்றுவிட்டாள். எட்டு சென்ட்தான் பாக்கி. நாலு நாள் போராடியும் அதற்கு மேல் தொண்டை நகரவில்லை.

"எட்டு யாருக்கும் பெருசாத் தெரியாதுக்கா," என்றான் ஹுமாயூன். "இதோட பாடிரலாம்."

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மனிதத் தலைதான். தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் மேடைப் பக்கம் திரும்பியது. மதுரைப் பெண் பின்வரிசையில் பட்டுப்பாவாடை தாவணியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சோலைராஜ் மேடை ஓரத்தில் நின்று வெற்றிலையைக் குதப்பினார். அவர் பார்வை தேவகிருபையின் பக்கம் வராமல் எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தது.

மைக்கைப் பிடிக்கும் முன் அவள் கீபோர்டைத் திரும்பிப் பார்த்தாள். ஹுமாயூன் சுண்டுவிரலைக் கடைசிக் கட்டையில் வைத்துத் தயாராக இருந்தான். அவள் தலையை அசைத்தாள். அவன் புரியாமல் விழித்தான். "எடுத்துரு," என்றாள், உதடு மட்டும் அசைய. ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு அவன் கேட்டதற்கு, செத்தவரை வேலை வாங்கக் கூடாது என்று தோன்றியது என்றாள். அவன் விரலை எடுத்தான்.

முதல் வரி போனது. இரண்டாம் வரி வந்தது. கை வரும் என்று தோள் காத்திருந்தது. வரவில்லை. குரல் நின்ற இடத்தில் நின்றது. கீபோர்டும் அவளும் ஒரே இடத்தில். மூன்றாம் வரியில் மேலே போனாள், போன இடத்தில் பிசகில்லை. தபேலாக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை அவர் குனிந்துகொள்ளவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. தோள் வெறுமையாகக் கிடந்தது. எலியேசர் இல்லை. பெட்டியில் இல்லை, தொண்டையில் இல்லை, எங்குமே இல்லை. மனிதர் செத்துவிட்டார் என்பது புரட்டாசியில் அவளுக்குச் சொல்லப்பட்டது. தெரிந்தது அன்றைக்குத்தான். கண்ணீர் வழிய வழியப் பாடி முடித்தாள். கூட்டம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"குரல் திரும்பிட்டு மதினி!" என்று சோலைராஜ் ஓடிவந்தார். அவள் அடுத்த பாட்டின் முதல் சொல்லை நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஹுமாயூன் பெட்டியோடு வந்தான். மதுரைப் பெண்ணும் இனி ஜோடிப் பாட்டுக்கு வரப்போகிறாள். அந்தப் பெண்ணுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு செட்டிங் பண்ணிவைக்கச் சொல்லியிருந்தார் சோலைராஜ். பெட்டியில் இடம் கொஞ்சம்தான். பழைய செட்டிங் ஏழையும் அழிக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

"அழி," என்றாள்.

"நீங்களே அழிச்சிருங்கக்கா. இந்தப் பொத்தானு. நெசமாவான்னு ஒரு தடவ கேக்கும். திரும்ப அமுக்கணும்."

அவள் பெட்டியின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சீவி 95. அமுக்கினாள், கேட்டது, திரும்ப அமுக்கினாள். எழுத்து போய்விட்டது. மம்சா 94. அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது. ஆறும் போய், ஈஸ்டர் 89 வந்து நின்றது. அவள் பொத்தானை ஒரு தடவை அமுக்கினாள். நெசமாவா என்று பெட்டி கேட்டது.

வெகு நேரம் அவள் விரல் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

"இத மட்டும் விட்டுரு தம்பி," என்றாள். "அன்னைக்குப் பெட்டியால இல்ல, நான் நெசமாவே இறங்கித்தான் பாடுனேன். தாங்க ஒரு கை வேண்டியிருந்துச்சு."